நிற்கிற வள்ளத்தின் அடி

ஏப்ரல் பிறந்தும், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டரில் குளிர் விட்டபாடில்லை. படகுத் தளத்துச் சரளைக்கல்லில் பழைய ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு, மல்லாந்து படுத்து, முகத்துக்கு ஒரு முழம் மேலே நிற்கும் என் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். 28 அடிப் பாய்ப்படகு. 1974-இல் வார்த்த பைபர் உடம்பு. ஏராவின் பாரம் முழுக்க மரக்கட்டைகளின் மேல் இறங்கியிருக்கிறது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு இரும்பு முட்டுகள் அதைச் சாயாமல் பிடித்திருக்கின்றன. சுரண்டியை ஒருமுறை அழுத்தி இழுத்தால் விரலகலத்தில் ஒரு நாடா உரிகிறது. மேலே நீலம், அதன் கீழே சிவப்பு, பிறகு பச்சை, மறுபடியும் சிவப்பு, கடைசியில் பால் நிறத்தில் மூல மேற்பூச்சு. ஐம்பது வருடமாக யார் யாரோ பூசி வைத்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் சுரண்ட வேண்டும். உலர்ந்த தூசு பறந்தால் செம்பு நெஞ்சுக்குள் போய்விடும். கீழே விரித்த தார்ப்பாயில் விழுந்ததையெல்லாம் மாலையில் கூட்டி அள்ளிக் கட்டிவைத்து, நச்சுக் கழிவு வாங்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இந்த வருடம் வழக்கத்தைவிடக் கவனமாகச் செய்கிறேன். ஜூனில் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. பாய் விரித்து ஓட முடியாது. மே மாதம் தண்ணீரில் இறக்கினால் அக்டோபர் கடைசிவரைக்கும் படகு மிதவையிலேயே கட்டிக்கிடக்கும். ஆறு மாதம், ஓடாமல்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நான் சின்னப் பொடியனாக இருந்தபோது அம்மான் தன் வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சொல்வார்: "தம்பி, ஓடுற வள்ளத்துக்குக் காத்தும் கல்லும்தான் பயம். நிக்கிற வள்ளத்தைக் கடல் கீழயிருந்து தின்னும்." காய்ந்த தென்னோலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்தி, அடிப்பலகை நெடுகச் சூடு காட்டுவார். பச்சைப் பாசி பொரிந்து உதிரும். பலகைக்குள் புகுந்திருக்கும் புழு அந்தச் சூட்டில் சாகும் என்பார். அது ஆறியதும் சுறா எண்ணெய். சுறா ஈரலைப் பானையில் போட்டு உருக்கி எடுத்த எண்ணெயைச் சாக்குத் துண்டில் தோய்த்து, பலகை குடிக்கக் குடிக்கத் தேய்ப்போம். கையில் அந்த மணம் இரண்டு நாளைக்குப் போகாது. அம்மா எனக்குச் சோற்றை உருட்டி வாயில் வைப்பா.

எங்கள் ஊரின் பெரிய பாய்க்கப்பல்களைப் பற்றியும் அம்மான் சொல்லியிருக்கிறார். ரங்கூனுக்கும் கொக்கனாடிக்கும் நாகபட்டினத்துக்கும் ஓடிய கப்பல்கள் வாடைக்காற்று எழும்பினால் வல்வெட்டித்துறையின் திறந்த கரையில் நிற்க முடியாது. ஊர்காவற்றுறைப் பக்கம் கொண்டுபோய் ஒதுக்கிக் கட்டிவிடுவார்கள். ஓட்டத்தில் பெயர் எடுத்தவர்கள் தண்டையல்மார். கட்டிக்கிடந்த மாதங்களில் கப்பலைக் காப்பாற்றியவர்கள் கலப்பத்துப் பார்த்தவர்களும் அடி சுரண்டியவர்களும். அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரிய வரவில்லை. பலகை மூட்டுகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைத்த அந்தக் கைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடலோட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பாயையும் காற்றையும் பார்த்து எழுதினார்கள். அடியில் படுத்திருந்தவன் கண்ணுக்கு அதே வரலாறு வேறு மாதிரித் தெரியும்.

அடியில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். சுத்தமான ஒரு பலகையைக் கடலில் இறக்கினால் சில மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் படிந்து வழவழப்பான படலம் கட்டும். அதன்மேல் பாசியின் வித்துகள் வந்து ஒட்டும். பிறகு கொட்டலசின் குஞ்சு வரும். எங்கள் கரையில் அதை அலசு என்று சுருக்கிச் சொல்வோம். ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அளவான அந்தக் குஞ்சு, தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளால் பலகையின்மேல் நடந்து நடந்து இடம் பார்க்கும். பிடித்துப்போனால் தலையை ஊன்றிப் பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சாகும்வரை அது அசைவதில்லை. தன்னைச் சுற்றிச் சுண்ணக் கோட்டை கட்டிக்கொண்டு, காலால் தண்ணீரைத் துழாவி இரை எடுக்கும். சார்ள்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருடங்களை இந்த உயிர்களுக்காகவே செலவிட்டார். ஓடுகிற படகின் அடியில் குஞ்சுக்கு இடம் பார்க்க நேரம் கிடைக்காது. தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கிற படகில் நாள் முழுக்கக் கிடைக்கும்.

மர உடம்பென்றால் இதைவிடக் கொடியது கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். ஊசிமுனைத் துளை வழியாக உள்ளே புகுந்து, தலையிலுள்ள இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை அராவிக்கொண்டே போய் உள்ளேயே பெருக்கும். வெளியில் பலகை பழுதில்லாமல்தான் தெரியும். கைவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில் நான்கு கப்பல்களோடு போனார். இரண்டை வழியிலேயே விட வேண்டி வந்தது. மிச்சம் இரண்டும் புழு தின்று சல்லடையாகி, 1503 ஜூனில் ஜமேக்காக் கரையில் ஏற்றப்பட்டன. மீட்க ஆள் வரும்வரை ஒரு வருடம் அவர் அங்கேயே கிடந்தார். 1730-க்குப் பிறகு ஒல்லாந்தில் கடலைத் தடுத்து நின்ற அணைகளின் மரக்கால்களை இதே புழு தின்னத் தொடங்கியதும் நாடே கலங்கியது. மரக்காலை நம்பிய அணைகளைக் கல்லால் மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று.

இதற்கு மனிதர் கண்ட மருந்துகள் மிகப் பழையவை. சைப்பிரஸ் தீவின் கைரீனியாக் கரைக்கு அப்பால் 1965-இல் கண்டெடுத்த கிரேக்க வணிகக் கப்பல் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் அடியில் ஈயத் தகடு போர்த்தியிருந்தது. சீனக் கப்பல்களுக்குச் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயோடு இடித்துப் பூசுவதை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்ந்த அந்தச் சாந்து இந்துமாக்கடல் முழுவதற்கும் பொதுச் சொத்து. அது நஞ்சு அல்ல, ஒரு தோல். புழு முதலில் தோலைத் தின்ன வேண்டும். தின்பதற்குள் கப்பலைக் கரையேற்றிப் புதுத் தோல் போட்டுவிடுவார்கள். அம்மானின் சூளும் சுறா எண்ணெயும் இந்த வழியில் வந்தவைதான்.

செம்பு வந்ததும் கணக்கு மாறியது. 1761-இல் பிரித்தானியக் கடற்படை 32 பீரங்கிகள் கொண்ட 'அலார்ம்' என்ற கப்பலின் அடி முழுக்கச் செப்புத் தகடு அடித்து, புழுவுக்குப் பேர்போன மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பியது. 1763-இல் திரும்பிய கப்பலைக் கவிழ்த்துப் பார்த்தபோது புழுவும் இல்லை, அலசும் இல்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் களிம்பாகக் கரைந்திருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணி புதுசு போல இருந்தது. ஏனென்று பார்த்தால், தகடுகள் சுற்றி வந்த மண்ணிறக் காகிதம் அந்த இடங்களில் உரிக்கப்படாமல் தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவே ஒட்டிக்கிடந்தது. இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட, உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். மின்கலம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், ஒரு தொழிலாளி சோம்பலில் உரிக்காமல் விட்ட காகிதம் அந்தப் பாடத்தைச் சொல்லிவிட்டது. காகிதத்தை உரிக்காமல் விட்ட அந்த ஆளை எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அந்தப் பாடத்தை முழுதாகப் படிக்காமலே, அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த 1779-இலிருந்து பிரித்தானியா தன் கடற்படை முழுவதற்கும் செம்பு அடித்தது. உள்ளே கப்பலைப் பிடித்திருந்த பெரிய இரும்பு ஆணிகள் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கத் தொடங்கவே, அவற்றையும் செப்புக் கலவைக்கு மாற்ற வேண்டி வந்தது. அப்போது சுதந்திரம் பெற்ற இந்தப் பக்கத்தில் செப்புத் தகடு உருட்டும் வித்தை இல்லை, இங்கிலாந்திலிருந்துதான் வாங்கினார்கள். பொஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் 1801-இல் கன்டன் என்ற ஊரில் உருட்டாலை தொடங்கி, 1803-இல் 'கொன்ஸ்டிடியூஷன்' போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு கொடுத்தார். அந்தக் கப்பல் இன்றைக்கும் பொஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன். எல்லோரும் பீரங்கியைப் பார்ப்பார்கள். நான் குனிந்து, நீர்மட்டத்தில் பச்சை படிந்து தெரியும் அந்தத் தகட்டைக் காட்டுவேன்.

1824-இல் ஹம்ஃப்ரி டேவி செம்பு அரிவதைத் தடுக்கப் புறப்பட்டார். ராயல் சொசைட்டியின் தலைவர், வேதியியலில் அன்றைக்குப் பெரிய பெயர். செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ ஒரு சின்னக் கட்டியாகத் தொடுத்துவிட்டால், செம்புக்குப் பதிலாக அந்தக் கட்டி கரையும் என்று கண்டார். 'சமராங்' முதலிய கப்பல்களில் பூட்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னபடியே செம்பு கரையவில்லை. ஆனால் அடி முழுக்கப் பாசியும் அலசும் அப்பிக்கொண்டன. அடுத்த வருடமே கடலோடும் கப்பல்களிலிருந்து கட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டது கடற்படை. செம்பு கரைவதுதான் மருந்து என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. கரையாத செம்பு வெறும் தகடு. தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான் அது அடியைக் காக்கிறது.

டேவியின் கட்டி வீண்போகவில்லை. என் படகின் சுழல்தண்டில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு துத்தநாக வளையம் பூட்டியிருக்கிறது. வெண்கலச் சுழலியைக் காப்பாற்ற அது கரைகிறது. போன வருடத்து வளையத்தைக் கழற்றியபோது கறையான் தின்ற கட்டை மாதிரிப் பாதிதான் மிஞ்சியிருந்தது. புது வளையத்தைப் பூட்டுமுன் தண்டை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் வேலை செய்யும். அதன்மேல் ஒரு துளி வர்ணம்கூடப் படக் கூடாது. அடிக்குப் பூசும் உற்சாகத்தில் வளையத்துக்கும் சேர்த்துப் பூசியவர்களின் சுழலி ஒரு பருவத்தில் இளஞ்சிவப்புப் பூத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிக்கிடந்த கப்பல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 'திருகோணமலை'. எங்கள் திருகோணமலையின் பெயரை 'ட்ரிங்கோமலி' என்று சூட்டி, 1817 அக்டோபரில் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி இறக்கிய பிரித்தானியப் போர்க்கப்பல். 1819-இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது போர் எதுவும் இல்லை. பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு, துறைமுகத்திலேயே கட்டிவிட்டார்கள். 1845 வரைக்கும் அது வேலைக்குப் போகவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் நின்ற கப்பல்! அது இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதக்கிறது. தேக்கின் பெருமை அதில் பெரிது. அந்த வருடங்களில் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்த காவற்காரர்களின் பெருமையும் சின்னதல்ல.

இரும்புக் கப்பல் வந்தபோது செப்புத் தகட்டின் காலம் முடியத் தொடங்கியது. இரும்போடு செம்பைத் தொடவிட்டால் இரும்புதான் சாகும். செம்பைத் தகடாக அடிக்காமல் வர்ணமாகக் குழைக்க வேண்டியிருந்தது. அங்கேதான் என் ஊரான இந்தக் குளொஸ்டர் வருகிறது.

1623-இல் குடியேறிய மீன்பிடி ஊர் இது. இங்கிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். இங்கத்தைய மரக் கப்பல்காரர்களுக்குச் செப்புத் தகடு வாங்கக் காசு கட்டாது. ஜேம்ஸ் டார், ஒகஸ்டஸ் வொன்சன் என்ற இருவர் 1863-இல் செப்பு ஒக்சைட்டைத் தாரோடு குழைத்துப் பூசும் வர்ணத்துக்குக் காப்புரிமை எடுத்தார்கள். தகடாக ஆணி அடித்து ஏற்றிய செம்பு, தகரப் பேணியில் வந்து தூரிகையால் ஏறியது. துறைமுக வாயில் ரொக்கி நெக் என்ற கழுத்துப் போன்ற நிலத்தின் நுனியில், அலை வந்து அடிக்கும் கல்லின்மேல், அவர்களுடைய தொழிற்சாலை இன்றும் சிவப்பாக நிற்கிறது. இப்போது அதில் திமிங்கில ஆராய்ச்சி செய்யும் ஒரு அமைப்பு இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, 1859-இலிருந்து கப்பல்களைத் தண்டவாளத்தில் இழுத்துக் கரையேற்றிவரும் தளம்.

இந்த ஊரில் நான் வந்து குடியேறியதற்குக் காரணம் ஒரு கப்பல். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ரொபின்சன் வாங்கினார். எங்கள் ஊர் மாலுமிகள் அதைச் செங்கடல், சுயஸ், மத்தியதரைக் கடல் வழியாக அத்திலாந்திக்கைத் தாண்டிக் கொண்டுவந்து, 1938 ஆகஸ்ட் 1-ஆம் திகதி இந்தக் குளொஸ்டரில் நங்கூரம் போட்டார்கள். அதற்குள் அதற்கு 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாறியிருந்தது. நான் தவழ்ந்த காலத்திலிருந்து கேட்ட கதை. கதை சொன்ன எல்லோரும் பாயைச் சொன்னார்கள், புயலைச் சொன்னார்கள், வேட்டியோடு வந்து இறங்கிய நம்மவர்களை வெள்ளைக்காரர் கூடி நின்று பார்த்ததைச் சொன்னார்கள்.

1991-இல் முதன்முதலாக இந்தத் துறைமுகத்துக்கு வந்து நின்றபோது என் கண் போனது அந்தச் சிவப்புக் கட்டடத்தின்மேல்தான். உள்துறைமுகத்துக்கு வரும் எந்தக் கப்பலும் அதைக் கடந்துதான் வர வேண்டும். வெப்பக் கடலில் தொடங்கிக் குளிர்கடல்வரை மாதக்கணக்காக ஓடிவந்த ஒரு யாழ்ப்பாண மரக்கப்பல், உலகத்துக்குச் செப்பு வர்ணம் செய்து கொடுத்த தொழிற்சாலையின் வாசலைக் கடந்து வந்து நின்றிருக்கிறது. தென்னோலைச் சூள் பிடித்த கைகளும் செப்புப் பேணி அடைத்த கைகளும் சில நூறு யார் தூரத்தில் இருந்திருக்கின்றன. வேம்பும் இலுப்பையும் தெரிந்த எங்கள் மேத்திரிமாரும் இந்த ஊர்த் தச்சர்களும் அன்றைக்கு ஒருவரோடொருவர் கதைத்திருந்தால் எவ்வளவு விஷயம் கைமாறியிருக்கும் என்று அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து நினைத்தேன்.

செப்பு வர்ணம் எவ்வளவு கரைந்தால் போதும் என்பதை அளந்து சொன்னவர்களும் இந்த மாநிலத்துக்காரர்களே. வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையம் அமெரிக்கக் கடற்படைக்காக 1952-இல் வெளியிட்ட பெரிய நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது: ஒரு சதுர சென்ரிமீற்றரில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் செம்பு கரைந்தால் அலசு ஒட்டாது. குறைந்தால் ஒட்டும், கூடினால் வீண். டேவி தடுமாறிய இடத்துக்கு ஒரு எண் கிடைத்தது.

பைபர் வந்தபோது அடியின் கவலையெல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். 1942-இல் ஒகாயோ மாநிலத்தில் ரே கிரீன் கண்ணாடி இழையும் பொலியெஸ்டர் பிசினும் கொண்டு ஒரு சிறு படகு வார்த்தார். 1959 ஜனவரியில் நியூயோர்க் படகுக் கண்காட்சிக்கு, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டலிலிருந்து பியர்சன் சகோதர முறையார் இருவர் 28 அடி 'ட்ரைட்டன்' படகைக் கொண்டுபோனார்கள். வரைந்தவர் கார்ல் ஆல்பெர்க். நடுத்தரக் குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய விலையில் ஒரு கடற்படகு. புழு தின்னாது, மூட்டு இல்லை, கலப்பத்து வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கும் அது அதிக காலம் பிந்தி வரவில்லை. 1960-களின் கடைசியில் நோர்வேக்காரர் உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத் தளம் தொடங்கி, பைபர் வள்ளம் வார்த்தார்கள். அம்மான் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "மரமே இல்லாமல் வள்ளம் ஊத்துறாங்கள்" என்றார். அன்றைக்கு அவர் வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

ஆனால் பைபருக்கும் ஒரு நோய் இருந்தது. 1970-களில் தண்ணீரிலேயே கிடந்த படகுகளின் அடியில் அம்மை போட்டது போலக் கொப்புளங்கள் எழும்பின. 1980-களில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தார் அமெரிக்கக் கரையோரக் காவற்படைக்காக இதை ஆராய்ந்து 1987-இல் அறிக்கை கொடுத்தார்கள். மேற்பூச்சு கண்ணுக்குக் கண்ணாடி போலிருந்தாலும் தண்ணீரின் அணுத்திரள் ஒவ்வொன்றாக அதனூடே போகும். உள்ளே பிசினில் சரியாகச் சேராமல் மிஞ்சிய கிளைக்கோல் போன்ற சரக்குகளைக் கரைத்துக்கொள்ளும். கரைசல் கெட்டியாக இருக்கிற பக்கத்துக்கு வெளித்தண்ணீர் இன்னும் இன்னும் இழுபடும். இடம் போதாமல் தோல் உப்பும். கடல்நீரைவிட நன்னீரில் இது கடுமை, குளிர்கடலைவிட வெப்பக்கடலில் வேகம். ஓடுகிற படகு, நிற்கிற படகு என்ற வித்தியாசம் இந்த நோய்க்கு இல்லை. தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தது என்பதுதான் கணக்கு.

என் படகின் இடது பக்கத்தில், ஏராவுக்குப் பின்னால், இருபத்திமூன்று கொப்புளங்களை எண்ணிப் பென்சிலால் வட்டம் போட்டேன். புளியங்கொட்டை அளவு முதல் ஐம்பது சதக் காசு அளவு வரை. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் குத்த வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். வினாகிரி மணம் வரும், விரலில் பிசுபிசுக்கும். பல வருடம் முன்பு இதே இடத்தில் வந்தபோது வேறொரு ஊரில் ஒரு தளத்தாரிடம் வேலையைக் கொடுத்தேன். அரைத்தார்கள், ஒரு கிழமை வெயிலில் விட்டார்கள், எபோக்சி பூசி மூடிவிட்டார்கள். மூன்றாம் வருடம் அதே இடத்தில் இரண்டு மடங்கு கொப்புளம். காயவிட்டால் தண்ணீர் போகும், கிளைக்கோல் போகாது. அது ஆவியாகிற சரக்கல்ல. கழுவித்தான் எடுக்க வேண்டும். இந்த முறை அக்டோபரில் கரையேற்றிய கையோடு குத்தி அரைத்துத் திறந்துவிட்டு, பனி விழும்வரை கிழமைக்கு இரண்டு தரம் சுடுநீர் அடித்துக் கழுவினேன். பிறகு கூரை போட்டுக் குளிர்காலம் முழுக்கக் காயவிட்டேன். மார்ச்சில் ஒரு சாண் சதுரத் தெளிந்த பொலித்தீன் தாளைக் குழிகளின்மேல் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். தாளின் உட்புறம் வியர்க்கவில்லை. அன்றைக்கு இரவு நிம்மதியாக நித்திரை வந்தது.

சுரண்டும்போது அந்தப் பச்சைப் படலத்துக்கு வந்ததும் எப்போதும் கை மெதுவாகும். இந்தப் படகின் இளமைக் காலம் தகர வர்ணத்தின் காலம். 1960-களிலிருந்து டிரைபியூட்டில் டின் என்ற தகரச் சேர்மத்தை வர்ணத்தில் கலந்தார்கள். செம்பு தோற்ற இடத்திலும் அது ஜெயித்தது. அடி வருடக்கணக்காகக் கண்ணாடி போலிருந்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பி வளர்க்கிறவர்கள் 1970-களின் நடுவிலிருந்து கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: குஞ்சு ஏன் பிடிக்கவில்லை, சிப்பியின் ஓடு ஏன் பந்து மாதிரித் தடிக்கிறது? குடாவில் கட்டிக்கிடந்த உல்லாசப் படகுகளின் அடியிலிருந்து கரைந்த தகரம்தான் காரணம். 1982-இல் பிரான்ஸ் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடுத்தது. இங்கிலாந்தில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைப்பதைக் கண்டார்கள்; 1987-இல் அங்கேயும் தடை, 1988-இல் அமெரிக்காவில் சட்டம். உலகம் முழுவதற்குமான உடன்படிக்கை 2001-இல் எழுதி 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நிறுத்திவைத்த படகுகளைக் காக்கப்போய், நின்ற இடத்துக் கடலைக் கெடுத்தோம். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அம்மானின் எண்ணெய் வருடத்துக்கு நாலு தரம் பூச வேண்டிய வேலை; ஆனால் அவர் வள்ளம் கட்டிக்கிடந்த துறையில் நாங்கள் சிப்பி பொறுக்கித் தின்றோம்.

நான் பூசுவதும் செம்புதான். அதுவும் நஞ்சு என்று தெரிந்தேதான் பூசுகிறேன். அதனால் தேவைக்குமேல் ஒரு பேணிகூட வாங்குவதில்லை. கரைந்து உதிரும் வகை ஓடுகிற படகுக்கு நல்லது. தண்ணீர் உரசினால்தான் அதன் பழைய தோல் போய்ப் புதுத் தோல் வரும். நிற்கப்போகிற படகுக்குக் கெட்டி வகையை எடுத்தேன். குழிகளைக் கெட்டியாக்கிய எபோக்சியால் அடைத்து, மட்டமாகத் தேய்த்து, அதன்மேல் தடுப்புப் பூச்சு ஐந்து முறை, சாம்பலும் வெள்ளையும் மாறிமாறி. நிறம் மாறினால்தான் விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். கடைசிப் பூச்சு முழுக்கக் காய்வதற்குள் செம்பின் முதல் பூச்சு ஏற வேண்டும். எந்த நேரம் என்பதைப் பெருவிரல் சொல்லும்: அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் வர்ணம் ஒட்டக் கூடாது. அந்த இடைவெளி அன்றைய குளிருக்கு மூன்று மணி நேரம் இருந்தது. முதல் பூச்சு சிவப்பு, மேலே இரண்டு நீலம். இலையுதிர்காலத்தில் எங்கே சிவப்பு தெரிகிறதோ அங்கே நீலம் தேய்ந்துபோனது என்று அர்த்தம். வெயில் படுகிற நீர்மட்டத்திலும் சுக்கானின் முன்விளிம்பிலும் மூன்றாவது நீலம். பாசி முதலில் பிடிப்பது அங்கேதான்.

கடைசியாக உள்ளே போய்த் தண்ணீர்க் குழாய்களின் வெண்கல வாய்கள் ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்லது கணீரென்று கேட்கும். ஒன்றில் சத்தம் மந்தமாக இருந்தது. சுரண்டினால் செம்பருத்தி நிறம். உள்ளிருந்த துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செப்புப் பஞ்சுதான் மிச்சம். மாற்றிவிட்டேன். ஆறு மாதம் ஆளில்லாமல் கிடக்கிற படகை மூழ்கடிப்பது பெரும்பாலும் புயலல்ல, இப்படியொரு வாய்தான்.

மே 14, காலை எட்டு மணி. தூக்கும் வண்டி வந்து இரண்டு பட்டைகளில் படகை ஏந்தி எடுத்தது. முட்டுகள் விலகின. ஒவ்வொரு முட்டின் தலையும் அழுத்தியிருந்த இடத்தில் ஒரு சாண் சதுரம் பழைய தோலோடு அப்படியே இருந்தது, பக்கத்துக்கு மூன்று. ஏராவின் அடியில் கட்டைகள் இருந்த தடம் இரண்டு. படகு தொங்குகிற நேரத்தில் மட்டுமே இந்த இடங்களுக்குத் தூரிகை எட்டும். வண்டிக்காரர் கையால் பத்து நிமிடம் என்று காட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். அந்தச் சதுரங்களில் பழைய தோலைச் சுரண்டி, துடைத்து, பேணியில் மிஞ்சியிருந்த நீலத்தைத் தடித்துப் பூசினேன். ஏராவின் அடிக்குப் பூச அதன் கீழே மண்டியிட வேண்டியிருந்தது. முழங்கால் நன்றாக வலித்தது. இரண்டாவது தடத்துக்கு வர்ணம் மட்டாகத்தான் காணும் போலிருந்தது. பேணியின் விளிம்பைத் தூரிகையால் சுற்றி வழித்தெடுத்துப் பூசி முடித்தேன். எழும்பிக் கையைக் காட்டியதும் வண்டி நகர்ந்தது. ஈரம் காயாத நீலத்தோடு படகு தண்ணீரைத் தொட்டது.